அரை நிமிடப் பாட்டு

மசோசி ஹராவா பாடமாட்டாள். ஞாயிறு ஜெபத்துக்குக் கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று தொண்டை கிழியப் பாடும்போது அவள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். பாடாத மனுஷியைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் நல்லபடியாகப் பேசமாட்டார்கள். "பெரிய நர்சம்மா இல்லையா, நம்மளோட சேந்து வாயத் தொறந்தா பல்லு கொட்டிடும்" என்று பின்வரிசைப் பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசுவார்கள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பாட வராது என்று சொல்லித் தப்பிக்கவும் அவளால் முடியாது. நர்சிங் பள்ளியில் படித்த காலத்தில் அவள் வாயைத் திறந்தால் விடுதிச் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் பழைய ஆட்களைக் கேட்டால் அந்தக் குரலைப் பற்றிச் சொல்வார்கள். அது ஏன் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்வதற்குச் சுகமான கதையும் இல்லை.

அவள் படித்தது கைப்பேசி வராத காலத்தில். மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அதை ஒட்டினாற்போல் நர்சிங் பள்ளி. அங்கே மருந்துக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் கோண்ட்வே சார். கட்டையான மனிதர், கட்டையான குரல். பாட்டிலில் இத்தனை மில்லி இருக்கிறது; அது இத்தனை நேரத்துக்குள் நோயாளியின் ரத்தத்தில் சேர வேண்டும்; குழாய் ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விடும்; அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மில்லியை இருபதால் பெருக்கு, நிமிடத்தால் வகு. சொல்லிவிட்டால் இவ்வளவுதான். ஆனால் முதல் வருடப் பிள்ளைகளில் பாதிப் பேர் மணியை நிமிடமாக மாற்ற மறந்துவிட்டு, நிமிடத்துக்கு ஐயாயிரம் சொட்டு என்று விடை எழுதிக் கொண்டுபோய் நீட்டுவார்கள்.

"அஞ்சாயிரமா? இது ட்ரிப்ஸா, அருவியா?" என்று சார் பாய்வார். "நீயெல்லாம் விஷம் குடுத்து யாரையும் கொல்ல மாட்ட. வகுத்தல் போட்டே கொன்னுடுவ."

மசோசியிடம் மட்டும் அவர் பாய்ந்ததில்லை. அவள் கணக்கு தப்பியதே இல்லை. ஆனால் தாளில் வந்த விடையைக் குழாயில் வரவைப்பது வேறு வேலை. பாட்டிலுக்குக் கீழே நின்று, ஒரு கண்ணால் சொட்டையும் ஒரு கண்ணால் விநாடி முள்ளையும் பார்த்து, குழாயில் இருக்கும் சின்ன உருளையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி, விடையில் இருக்கும் எண் விழும்வரை விடக்கூடாது. இதற்குக் கடிகாரம் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஆளுக்கொரு கடிகாரத்தோடு வரவேண்டும் என்றுதான் பள்ளியில் சேரும்போது சொன்னார்கள். சந்தையில் வாங்கிய கடிகாரங்கள் முதல் மழைக்காலத்திலேயே மூச்சை விட்டன. பேட்டரி வேண்டுமென்றால் பெரிய ஊருக்குப் போகவேண்டும். வார்டுக்கு என்று இருந்த ஒரே சுவர்க் கடிகாரத்தைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆகவே மாணவிகள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் காதோடு சொல்லிக் கொடுத்தது.

தினமும் காலை ஜெபத்தில் ஆற்றைக் கடக்கும் பாட்டு என்று ஒன்று பாடுவார்கள். மேட்ரன் நியாமுந்தாலி முன்னால் நின்று கைதட்டி நடத்துவார். முந்தாலி வீட்டுப் பெண் என்பதால் நியாமுந்தாலி. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு மரியாதை கொடுத்துக் கூப்பிடுவது அப்படித்தான். அந்த அம்மாள் தட்டும் தட்டு எந்த நாளும் ஒரே சீராக இருக்கும். ஜெபக்கூடத்துச் சுவரில் நல்ல கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஜெபத்தில் மனசு இல்லாத எந்தப் பிள்ளையோ அதைப் பார்த்துக்கொண்டே பாடியிருக்கிறாள். சரணத்தின் முதல் சொல்லில் விநாடி முள் பன்னிரண்டில் இருந்தால், கடைசிச் சொல்லில் ஆறில் வந்து நிற்கிறது. ஒரு சரணம், அரை நிமிடம். பிறகென்ன, வார்டில் ட்ரிப்ஸ் போடும்போது வாய்க்குள் சரணத்தைப் பாடிக்கொண்டே கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுச் சொட்டை எண்ணிவிட வேண்டியதுதான். வந்ததை இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? கையில் கடிகாரம் கட்டியிருக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பாட்டை வைத்து எத்தனையோ உயிர்களை அந்தப் பிள்ளைகள் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

கோண்ட்வே சாருக்கும் இது தெரியும். "பாட்டு கோயிலுக்கு. வார்டுக்குக் கடிகாரம்" என்று மேசையைத் தட்டுவார்.

"வார்டுல கடிகாரம் எங்க சார் இருக்கு?" என்று டியோங்கே எழுந்து கேட்பாள். மசோசியின் பக்கத்துக் கட்டில்காரி, வாய் சும்மா இராது. "ஒண்ணு காட்டுங்க, அந்த நிமிஷமே பாட்ட விட்டுடறோம்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

யாரும் யோசிக்காதது ஒன்று இருந்தது. தினம் காலையில் மேட்ரனோடு சேர்ந்து பாடுவதால்தான் அந்த வேகம் அவர்களுக்குள் பிசகாமல் இருந்தது. சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம் மாதிரி. ஒரு வாரம் சாவி கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் ஜெபத்துக்குப் போகாமல் இருந்ததில்லை.

மசோசியின் மூன்றாவது வருடத்தில், மழைக்காலத்தின் நடுவில், அவளுடைய அண்ணன் சுஸ்கோ ஏரியில் செத்துப்போனான். மீன்பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேற, அவன் மட்டும் மறுநாள் ஒதுங்கினான். லாரிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். மேட்ரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"போயிட்டு வா மகளே. ஆனா அடக்கம் முடிஞ்சதும் கெளம்பிடு. வயித்துப்போக்கு ஆரம்பிச்சிடுச்சு, வார்டுல ஆள் இல்ல. இப்படிச் சொல்றதுக்கு என்ன மன்னிச்சிடு."

சாவு வீட்டில் பெண்கள் உள்ளே பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி. பாட்டு நிற்கவே இல்லை. ஆற்றைக் கடக்கும் பாட்டு எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆகும். காலை ஜெபத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். ஆனால் சாவு வீட்டில் அதைப் பாடும் விதமே வேறு. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி, நடுவில் யாராவது ஓவென்று அழுதால் அதற்கும் இடம் விட்டுப் பாடுவார்கள். "நீ எடு மசோசி, உங்கண்ணனுக்கு உன் குரல்னா உசுரு" என்று அத்தைமார் சொன்னார்கள். அவள் எடுத்தாள். அழுதுகொண்டே பாடினாள், அழுகை வற்றியபிறகும் பாடினாள், குழிமேட்டில் நின்று குரல் கம்மிப்போகும்வரை பாடினாள். திரும்பி வரும்போது லாரியில் மக்காச்சோள மூட்டைகளின்மேல் சாய்ந்து கண்ணை மூடினால், தலைக்குள் அதே பாட்டு அதே இழுப்போடு ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் லாரி அவளை இறக்கிவிட்டபோது காலை ஜெபம் முடிந்திருந்தது. டியோங்கே வார்டு வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"முகத்தப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. ஏதாச்சும் சாப்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத. படுடின்னு சொல்லத்தான் ஆச. ஆனா உள்ள கட்டிலுக்கு ரெண்டு பிள்ளையா கெடக்கு. டாக்டரு அடிவாரத்து முகாமுக்குப் போயிட்டாரு. மூணாவது கட்டில நீ பாரு, நான் அந்தக் கோடிக்குப் போறேன்."

மூன்றாவது கட்டிலில் வனாங்வா. நடக்கப் பழகியிருந்த பையன். தாய் அவனை முதுகில் கட்டிக்கொண்டு அடுத்த மலையிலிருந்து இரவெல்லாம் நடந்து விடியற்காலையில் வந்து சேர்ந்திருந்தாள். கண் குழிக்குள் போய்விட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. வேகமாக ஓடவிட்ட முதல் ட்ரிப்ஸ் தண்ணீர் உள்ளே போனதில் கொஞ்சம் முனகத் தொடங்கியிருந்தான். கண்ணீர் இல்லாத அழுகை. டாக்டர் கிளம்புவதற்குமுன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: அடுத்த எழுநூறு மில்லி, இரண்டரை மணி நேரத்துக்குள். உள்ளே போய்ச் சேர்ந்தால் பையன் எழுந்துவிடுவான். வயிற்றால் போவது நிற்கவில்லை, ஆகவே அதற்குக் குறையக் கூடாது.

மசோசி கணக்குப் போட்டாள். எழுநூறை இருபதால் பெருக்கி, நூற்றைம்பது நிமிடத்தால் வகுத்தாள். தொண்ணூற்று மூன்று சொட்டு. அரை நிமிடத்துக்கு நாற்பத்தாறு, கொஞ்சம் கூட. தூக்கமில்லாத கண்ணோடும் கணக்கு அவளுக்குத் தப்பவில்லை.

பாட்டிலைத் தொங்கவிட்டு, கட்டைவிரலைக் கணுவில் வைத்து, மெல்லப் பாட ஆரம்பித்தாள். சரணம் முடிவதற்குள் அறுபதுக்கு மேல் விழுந்துவிட்டது. அதிகம் என்று நினைத்து உருளையைக் குறைத்தாள். மறுபடி பாடினாள். ஐம்பத்து மூன்று. இன்னும் கொஞ்சம் குறைத்தாள். மூன்றாம் முறை கடைசிச் சொல்லில் நாற்பத்தாறு வந்து நின்றது. அவளுக்குத் திருப்தி.

தரையில் உட்கார்ந்திருந்த தாய் அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நியாஷாபா என்று பெயர். கால் முட்டிவரை சேறு.

"எம்புள்ளைக்காகவா பாடுறீங்க, சிஸ்டர்?"

"சும்மாதாம்மா..."

"நிறுத்திடாதீங்க. கேக்குறான் பாருங்க. இந்த மாதிரி யாரும் எங்களுக்குப் பாடினதில்ல."

மசோசி அவளுக்காக இன்னொரு சரணம் பாடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அதன்பின் அவளுக்குத் தலைக்குமேல் வேலை. வழியில் வரும்போதெல்லாம் மூன்றாவது கட்டிலில் நின்று சொட்டை எண்ணிப் பார்த்தாள். பாட்டுக்குச் சரியாகவே விழுந்தது. பாட்டிலில் தண்ணீர் இன்னும் நிறைய இருந்தது. நேரம் அதிகம் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வெயில் தாழ்வாரத் தூணை விட்டு நகர்ந்திருந்ததைக் கவனிக்கவும் செய்தாள். மேகமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"இன்னும் ஒண்ணுக்கே போகலையே, சிஸ்டர்" என்றாள் நியாஷாபா.

"போவான்மா. தண்ணி உள்ள போயிட்டிருக்கு."

பையன் முனகுவது நின்றது. தூங்குகிறான் என்று தாய் துணியைப் போர்த்திவிட்டாள். மசோசி அடுத்தமுறை வந்து கையைத் தொட்டபோது முழங்கைவரை சில்லென்று இருந்தது. நாடி கிடைக்கவில்லை. உருளையை முழுக்கத் திறந்துவிட்டுக் கத்தினாள். மேட்ரன் ஓடி வந்தார், டியோங்கே ஓடி வந்தாள். தண்ணீர் சரம் சரமாக இறங்கியது. இறங்கி என்ன? வனாங்வா ஒருமுறை வாயைத் திறந்தான், அவ்வளவுதான். அந்த அவசரத்தில் பாட்டிலும் காலியாகிவிட்டது. பின்னால் வந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது காலிப் பாட்டில் மட்டுமே.

மதியம் மேட்ரனும் கோண்ட்வே சாரும் அவளை உட்காரவைத்து விசாரித்தார்கள். சாவு நடந்தால் மாணவியை விசாரிப்பது வழக்கம். எத்தனை மில்லி, எத்தனை சொட்டு, எப்படி வகுத்தாய். அவள் சொன்னாள். சார் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

"உங்கணக்குல ஒரு குறையும் இல்ல" என்றார், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. "அண்ணனப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிற நிலைமையில இவ்வளவு சுத்தமா போட்டிருக்க."

அதோடு நிற்காமல், பிற்பகல் வகுப்பில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு மாதிரியாக அந்தக் கணக்கையே கரும்பலகையில் எழுதிப்போட்டார். நல்ல மனிதர்கள் செய்கிற காரியம் சில சமயம் இப்படித்தான் இருக்கும்.

பொழுது சாய்வதற்குமுன் வனாங்வாவைக் கொண்டுபோனார்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்கிச் சமைக்கும் கொட்டகை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிறது. யார் வீட்டுப் பிணமானாலும் அங்கே இருக்கும் பெண்கள் மக்காச்சோள மாவில் சீமாக் களி கிண்டும் பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்து, வாசல்வரை பாடிக்கொண்டே முன்னால் நடப்பார்கள். அன்றைக்கும் வந்தார்கள். துணியில் சுற்றிய பையனை நியாஷாபா தானே மார்போடு தூக்கிக்கொண்டாள், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பெண்கள் ஆற்றைக் கடக்கும் பாட்டை எடுத்தார்கள். தாழ்வாரத்தில் நின்ற மசோசியின் உதடும் தானாகச் சேர்ந்துகொண்டது. ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை.

பக்கத்தில் டியோங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். "எப்படி இழுக்கிறாங்க பாரு. இத இந்த இழுப்புல கேட்டாலே எனக்கு வயித்தப் பெசையுது."

"இழுக்கிறாங்களா?" என்றாள் மசோசி. "எப்பவும் பாடுற மாதிரிதான பாடுறாங்க."

"உனக்கென்ன கிறுக்கா? காலையில மேட்ரன் பாடுற பாட்டா இது? இது சாவுப் பாட்டுடி."

மசோசிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்குப் போனாள். கோண்ட்வே சார் வகுப்பறையில் தனியாக இருந்தார். கரும்பலகையில் அவளுடைய கணக்கு அழிக்காமல் இருந்தது.

"சார், உங்க கடிகாரத்தக் கொஞ்சம் குடுங்க."

வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முள் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து, காலையில் எப்படிப் பாடினாளோ அப்படியே பாடினாள். முள் ஆறைத் தொட்டது. பாட்டு முடியவில்லை. ஏழைத் தாண்டியது, எட்டைத் தாண்டியது. கடைசிச் சொல்லை அவள் சொன்னபோது முள் ஒன்பதில் இருந்தது.

சார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையே பார்த்தார். கணக்கு வாத்தியார், மனசு தானாகப் போட்டுவிட்டது. "மூணுல ரெண்டு பங்குதான் போயிருக்கு" என்றார் மெதுவாக. சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"நான்தான் சார் கொறச்சேன். வேகமா விழுந்துட்டிருந்துச்சு, சரியா விழுந்துட்டிருந்துச்சு. எங்கையாலயே திருப்பித் திருப்பிக் கொறச்சேன்."

"கேளு மசோசி. முழுசாப் போயிருந்தாலும் அந்தப் புள்ள பொழச்சிருக்கும்னு யாரால சொல்ல முடியும்?"

"பொழச்சிருக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா, சார்?"

சார் எழுந்துபோய்க் கரும்பலகையை அழித்தார். நன்றாக அழிந்தபிறகும் துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றார். "யார்கிட்டயும் சொல்லாத. உன்னை வெளிய அனுப்பிடுவாங்க. வார்டுல ஏற்கனவே ஆள் இல்ல" என்று பலகையைப் பார்த்தபடி சொன்னார். மறுநாள் குழந்தைகள் வார்டில் ஒரு சுவர்க் கடிகாரம் தொங்கியது. அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது அது.

நியாஷாபாவைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று மசோசி நினைத்தாள். அடுத்த மலைதான், அரை நாள் நடை. போகவில்லை. பயம். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். மறுநாள் காலை ஜெபத்தில் மேட்ரன் கைதட்டிப் பாட்டைத் தொடங்கியபோது, எல்லோரும் யாரோ துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டே பாடுவதாக அவளுக்குப் பட்டது. வாயை மூடினாள். அப்புறம் திறக்கவில்லை.

வருடங்கள் போயின. தேர்வில் நல்லபடியாகத் தேறி அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் காரியமாக நல்ல கடிகாரம் ஒன்று வாங்கி மார்பில் குத்திக்கொண்டாள். அது இல்லாமல் யாராவது ட்ரிப்ஸ் உருளையைத் தொட்டால் கையில் அடி விழும். கல்யாணம் ஆயிற்று, தன் பிள்ளைகளை முதுகில் தட்டித்தான் தூங்கவைத்தாள், ஒரு தாலாட்டு கிடையாது. அவளைப் பெற்றவள் செத்தபோது அத்தைமார் "எடு மசோசி" என்றார்கள். அவள் எடுக்கவில்லை. பெற்ற தாய்க்கே வாய் திறக்காதவள் என்று கோபித்துக்கொண்டு ஒரு அத்தை அதன்பின் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காரணம் சொல்லியிருந்தால் அத்தையாவது மிஞ்சியிருப்பாள். சொல்லவில்லை.

ஒருநாள் முற்பகலில் பிரசவ அறைக்கு ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. மசோசி வயிற்றை அமுக்கிப் பிடித்து, ரத்தத்தை நிறுத்தும் மருந்து கலந்த பாட்டிலை மாட்டி, நிமிடத்துக்கு அறுபது சொட்டு என்று வைத்தாள். கொஞ்ச நேரத்தில் போக்கு மட்டுப்பட்டது. அதற்குப்பிறகுதான் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னைத் தெரியலையா, சிஸ்டர்?"

தலை நரைத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது. ஆனாலும் மசோசிக்குத் தெரிந்தது. அந்த முகம் இல்லாமல் அவளுக்கு எந்த வாரமும் போனதில்லை.

"என் வனாங்வாவுக்குப் பாடினீங்களே" என்றாள் நியாஷாபா. "அதுக்கப்புறம் ரெண்டு கலைஞ்சிபோச்சு. இதுவாவது தங்குமான்னு தெரியல. அந்தப் பாட்டு மட்டும் மனசுல நின்னுடுச்சு. கடைசியா அவன் காதுல நல்ல குரல் விழுந்துச்சேன்னு நெனச்சுக்குவேன். எனக்கும் ஒருதரம் பாடுங்களேன்."

"பேசாம படுங்கம்மா. களைப்பா இருப்பீங்க."

"பயமா இருக்கு சிஸ்டர். ஒரே ஒருதரம்."

என்ன செய்வாள்? இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்தாள். பாட்டு இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து, மார்பில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே பாடினாள். பன்னிரண்டில் தொடங்கி ஆறில் முடித்தாள். குரல் அந்தப் பழைய குரலாக இல்லை, ஆனால் கெட்டும் போகவில்லை.

நியாஷாபா முகத்தைச் சுளித்தாள். "இது இல்லையே."

"அதே பாட்டுதாம்மா."

"பாட்டு அதுதான். ஆனா ஏன் இப்படி ஓடுறீங்க? அன்னிக்கு ஒவ்வொரு வார்த்தையும் நின்னு நின்னு வந்துச்சு. அந்த மாதிரி பாடுங்க."

பக்கத்தில் யாரும் இல்லை. பிறந்த குழந்தை துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஒருமுறை மெதுவாகப் பாடிவிட்டால் இவள் சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொள்வாள். மசோசிக்கு அது தெரியும். அந்தச் சந்தோஷத்தைக் கொடுப்பதா, பிடுங்குவதா என்று அவள் நின்றது கொஞ்ச நேரம்தான்.

"அன்னிக்கு நான் பாடினது உங்க பிள்ளைக்காக இல்லம்மா" என்றாள். "என்கிட்ட கடிகாரம் கிடையாது. அந்தப் பாட்ட வச்சுத்தான் சொட்ட எண்ணினேன். எங்கண்ணனப் பொதச்சிட்டு நேரா வந்திருந்தேன். சாவு வீட்டு வேகத்துலயே பாடிட்டேன். அது எனக்கே தெரியல. அதனால தண்ணி மெதுவாப் போச்சு. போக வேண்டியது போகல."

நியாஷாபா அவளையே பார்த்தாள்.

"எவ்வளவு போகல?"

"மூணுல ஒரு பங்கு."

"போயிருந்தா?"

"தெரியலம்மா. பொழச்சிருக்கலாம்."

அவள் பார்வை மெல்ல மேலே போய்த் தன் தலைக்குமேல் தொங்கிய பாட்டிலில் நின்றது. மசோசி பழக்கத்தில் உருளையைச் சரிபார்க்கக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க" என்றாள் நியாஷாபா. குரல் மெலிந்துதான் இருந்தது. "இது எத்தன விழணும்?"

"விநாடிக்கு ஒண்ணு. இந்த முள்ளு ஒருதரம் நகர்ந்தா ஒரு சொட்டு."

"அந்தக் கடிகாரத்த இங்க குடுங்க."

மசோசி கொடுத்தாள். நியாஷாபா அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். மறுகையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். முள்ளைப் பார்த்தாள், சொட்டைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். உதடு ஒவ்வொன்றுக்கும் அசைந்தது. பாட்டில் முடியும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பாட்டிலை மாட்ட வேறு நர்ஸைக் கூப்பிடச் சொன்னாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தையும் பிழைத்தது. வீட்டுக்குப் போன அன்று, குழந்தையை முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டு பிரசவ அறை வாசலைக் கடந்து போனாள். மசோசி கதவருகில்தான் நின்றாள். நியாஷாபா நிற்காமல் நடந்தாள். கடிகாரம் அவள் கையில் இருந்தது. மசோசி அதைத் திருப்பிக் கேட்கவில்லை.